ஞாயிற்றுக்கிழமை டூட்டி

நான் எம்.ஏ. முடித்த பிறகுதான் பி.ஏ. சேர்ந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது, அதுவும் கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி.

இப்படித் தலைகீழாக ஆன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுராந்தகத்தில் பிளஸ் டூ முடித்த வருஷம் அப்பா போய்விட்டார். படாளத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தைப் பார்க்கும் வயசு தம்பி பார்த்திபனுக்கு இல்லை. கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனுக்கு ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். இங்கிலீஷ் பேச வராது என்றேன். "குட் மார்னிங் சொல்லிட்டு சிரிம்மா, மீதிய அவங்களே பேசிப்பாங்க" என்றார் மேனேஜர். கொஞ்ச நாளில் மீதியையும் நானே பேசப் பழகிக்கொண்டேன்.

அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் எனக்குப் பொருளாதாரத்தின் மேல் ஆசை வந்தது. அதே அறை, அதே கட்டில், அதே ஒழுகுகிற குழாய். டிசம்பரில் இரண்டு மடங்கு கொடுக்கிறேன் என்று சண்டை போடுவார்கள். ஜூனில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் பல்லிதான் தங்கும். ஏன் சார் என்று மேனேஜரைக் கேட்டேன். "சீசன்மா" என்றார். சீசன் என்பது ஒரு பதிலா? எனக்கு அது போதவில்லை. எனக்கு எதுவுமே சீக்கிரத்தில் போதாது, அது என் குணம்.

தொண்ணூற்றாறில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் போதும், நேரடியாக எம்.ஏ. தபாலில் புத்தகம் வரும், வேலையை விட வேண்டாம், ஃபீஸும் என் சம்பளத்துக்கு எட்டும். எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் சேர்ந்தார்கள். விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. படித்தேன், எழுதினேன், பாஸ் செய்தேன், எம்.ஏ. கொடுத்தார்கள். அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பார்த்திபனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே துர்காதேவி எம்.ஏ. என்று என் பெயரைப் போட்டார்கள். எங்கள் ஊரில் படிப்பு என்பது முக்கால்வாசி அதற்குத்தான். எங்கள் தெரு ஞானதாஸ் வாத்தியார் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, இந்தப் பெண்தான் நம் தெருவின் முதல் எம்.ஏ. என்று அறிவித்தார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, பெண் வீட்டார் காதில் விழுந்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா பெயர் தனகோடி. பெயரில்தான் தனமும் கோடியும். தலை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு அன்று வரை பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை.

காலேஜில் வேலை பார்க்க வேண்டும், ஒரு வகுப்பில் நின்று சீசன் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டும், அதுதான் என் ஆசை. அதற்கு எம்.ஃபில். வேண்டும் என்றார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் லீவு போட்டுச் சென்னைக்குப் போனேன். பல்கலைக்கழகக் கவுண்டரில் இருந்தவர் என் சர்டிஃபிகேட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டினார்.

"யூ.ஜி. எங்கம்மா?"

"எம்.ஏ. இருக்கு சார்."

"மாடி கீது. கீழ் வூடு எங்கன்னு கேக்கறேன்."

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். முதலில் பி.ஏ. முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எம்.ஏ.

"எம்.ஏ. முடிச்சிட்டேனே சார்."

"அது கணக்குல வராதும்மா. பி.ஏ.வுக்கு அப்புறம் வர்ற எம்.ஏ.தான் எம்.ஏ. மறுபடியும் படிக்கணும்."

பஸ்ஸில் அழுதது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற அம்மாள் யாராவது போய்விட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எம்.ஏ. போய்விட்டது என்றா சொல்ல முடியும்?

விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். முடியவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வசதி கிடையாது. ஆக மறுபடியும் தபால் வழி, மூன்று வருஷப் பி.ஏ., ஃபீஸை வருஷத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். அதில் சேர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தெருவின் முதல் எம்.ஏ. பி.ஏ. படிக்கப் போகிறாள் என்றால் தெரு முழுக்க வாயில் போட்டு மெல்லும். அதுகூடப் பரவாயில்லை. அம்மா தலை குனிந்து நிற்பாளே என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது. பாடப் புத்தகங்கள் ஹோட்டல் விலாசத்துக்கு வந்தன. நேர்முக வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில். என் வார லீவும் ஞாயிறுதான். இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த ஹோட்டலைக் கொஞ்ச நேரம் திட்டினாள், அத்தோடு விட்டுவிட்டாள்.

ஆறாம் வகுப்பு அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். போலீஸ்காரர், நர்ஸ், அரிசி மண்டிக் கணக்கர் என்று முதல் வாரம் உட்கார இடம் இல்லை. போகப் போக, முகூர்த்த நாள், மழை, கிரிக்கெட் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்த வருஷம் முழுக்கத் தவறாமல் வந்தது நானும் செங்கல்வராயன் என்ற பஸ் கண்டக்டரும்தான். ஐம்பது வயது, திருக்கழுக்குன்றம் பக்கம். இரண்டு பெண்களையும் பட்டதாரி ஆக்கிக் கட்டிக்கொடுத்தார், மாப்பிள்ளைகள் பேசும்போது 'மாமாவுக்கு இது புரியாது' என்று சொல்கிறார்களாம். அந்தக் கடுப்பில் சேர்ந்தவர்.

டீக்கடையில் ஒரு நாள் அவரிடம் மட்டும் எம்.ஏ. விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப நீ ரிட்டர்ன் டிக்கெட்ட மொதல்ல எடுத்துக்கின. போறதுக்கு எடுக்கல."

"ஆமாண்ணே."

"பரவால்ல. பஸ்ஸு இன்னும் கெளம்பல."

எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். இரண்டாம் வருஷம் அவர் வரவில்லை. டெப்போ மாற்றிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். அந்த ஞாயிறு அதே டீக்கடையில் தனியாக நின்று குடித்தேன். டீயில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பாதியைக் கீழே ஊற்றிவிட்டேன். வீட்டில் பொய், வேலையிடத்தில் பொய், உண்மை தெரிந்த ஒரே ஆளும் வேறு ரூட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார். தனிமை என்றால் ஆளில்லாமல் இருப்பது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. என் சங்கதி தெரிந்த ஆள்தான் இல்லை.

முதல் வருஷ ரிசல்ட் வந்தபோது எல்லாப் பேப்பரிலும் பாஸ். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி ஹோட்டலில் எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மா என்றேன். "சும்மாவா? மாப்பிள்ள பாத்துட்டாங்களா?" என்றான் ரூம் பாய். அதுவும் இல்லை என்றதும் அவனுக்கு இனிப்பில் இருந்த ஆர்வம் போய்விட்டது.

மாப்பிள்ளை கதை வேறு. எம்.ஏ. என்றதும் ஊரில் நிலம் வைத்திருக்கிறவர்கள், படித்த பெண் நமக்குச் சரிப்படாது என்று ஒதுங்கினார்கள். படித்த மாப்பிள்ளைகள் எங்களால் முடியாததைக் கேட்டார்கள். எதற்குமே செல்லாத அந்த எம்.ஏ. இதற்கு மட்டும் நன்றாகச் செல்லுபடியானது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அம்மா தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அலுத்துப்போய்விட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, வெளியே நிம்மதி என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில் கடைசிப் பரீட்சை. ஹோட்டலில் சீசன் உச்சத்தில் இருந்தது, லீவு கேட்டதற்கு மேனேஜர் முகத்தைச் சுளித்தார். எங்கள் பரீட்சை மையத்தில் அதற்கு முந்தின நாள்தான் ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் எழுதியதைப் பிடித்திருந்தார்கள். ஆகவே ஹால் டிக்கெட்டை ஒவ்வொன்றாக வாங்கி, முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார் கண்காணிப்பாளர். நான் முதல் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது, நிமிர்ந்தேன். ஞானதாஸ் வாத்தியார்.

அவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"துர்கா, யாருக்கும்மா எழுதற?"

"எனக்குத்தான் சார்."

"இது பி.ஏ. பரிட்சை. நீ எம்.ஏ. முடிச்சவ. நானே மைக்குல சொல்லிக்கீறேன்." குரலைத் தாழ்த்தினார். "இதே பேர்ல எவளோ ஒருத்தி. உன் படத்த ஒட்டிகினு அவளுக்கு நீ எழுதற. அப்படித்தான?"

"இல்ல சார்."

"நேத்துதான் ஒருத்தன போலீஸ்ல குடுத்தோம். உங்கம்மா மொகத்துக்காகக் கேக்கறேன், இப்பவே எழுந்து போய்டு."

எழுந்து போயிருந்தால் ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கும். இன்னொரு வருஷம் போயிருக்கும், ஒருவேளை எல்லாமே போயிருக்கும். பேனாவைக் கீழே வைத்தேன். அறை முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், எங்கிட்ட பி.ஏ. இல்ல. நேரா எம்.ஏ. படிச்சேன். அது செல்லாதுன்னுட்டாங்க. அதனால இப்ப பி.ஏ. எழுதறேன்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் என் பேச்சைக் கேட்காது. கடைசி பெஞ்சு வரைக்கும் போய்விட்டது. யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அந்த 'ச்சு'வுக்குப் பதில் அவர்கள் சிரித்தே இருக்கலாம்.

ஞானதாஸ் வாத்தியார் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். பிறகு நான் கேட்காமலே கூடுதல் தாளும் அதைக் கட்ட நூலும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முடிந்து வெளியே வரும்போது வாசலில் காத்திருந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா."

"சரி சார்."

"தைரியமான பொண்ணு நீ."

எனக்கு அது தைரியமாகத் தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் போனதற்கு நல்ல பேர் வைக்கிறார் என்றுதான் பட்டது. அதற்குப் பிறகு தெருவில் என்னைப் பார்த்தால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார். அவர் வாயைத் திறக்கவில்லை என்பது அம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தும் தினமும் பயந்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

கோடையில் ரிசல்ட் வந்தது. பாஸ். செங்கல்பட்டிலேயே ஒரு கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் கிடைத்தது, காலை வகுப்பு, உண்மையான வகுப்பு, கரும்பலகையும் வாத்தியாரும் வைத்து. மேனேஜரிடம் பேசி நைட் டூட்டி வாங்கிக்கொண்டேன். ராத்திரி மாமல்லபுரம், காலையில் செங்கல்பட்டு, மத்தியானம் ஹோட்டல் ஸ்டாஃப் ரூமில் தூக்கம். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வர முடியும். இதற்கு மேல் பொய் சொல்ல எனக்குப் பொய் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு சாயங்காலம், அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் அச்சிறுபாக்கத்துக்குப் போயிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஞாயித்துக்கெழமைல நான் டூட்டிக்குப் போகல."

அவள் கை நின்றது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள்.

"இப்பவாச்சும் சொன்னியே. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? தெனம் அந்தப் பச்சப் பொடவயக் கட்டிகினு போறவ, ஞாயித்துக்கெழம மட்டும் நல்ல பொடவயாக் கட்டி, பூ வெச்சிகினு போற. எந்த ஓட்டல்ல பூ வெக்கச் சொன்னான்? பார்த்திபன்கூடக் கேட்டான், அக்கா எங்க போவுதுன்னு. நான்தான் அவன் வாய அடச்சேன். தரகன வேணான்னு சொன்னதும் அதனாலதான்."

அத்தனை நாளும் தனியாகக் கிடந்து செத்தேனே, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே, முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று இருந்தது. அவள் மடியில் தலை வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போது அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"எந்த ஊரு அவுரு? இன்னா வேல பாக்கறாரு?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"ஜாதி எதுவா இருந்தாலும் எனக்கு ஒன்னும் இல்லடி. உங்க மாமன் குதிப்பான். குதிக்கட்டும். அவன்கிட்ட இன்னா பேசணும்னு எல்லாம் மனசுக்குள்ளயே பேசி வெச்சிக்கீறேன். ஞாயித்துக்கெழம உனுக்கு சோறு கட்றப்பல்லாம் ரெண்டு பேருக்கா கட்னேனே, நீயா வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ அழுத்தக்காரி. வூட்டுக்கு இட்டுகினு வா, ஒரு வேள சாப்டுட்டுப் போவட்டும்."

அம்மாவுக்கு அளவு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சோற்றில் பாதியைப் பள்ளிக்கூட வாசலில் நாய்களுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எப்படியோ சொல்லி முடித்தேன். கவுண்டர், மாடி, கீழ் வீடு, தபால், செங்கல்பட்டு, ஆறாம் வகுப்பு பெஞ்சு. செல்லாத எம்.ஏ. என்று சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவள் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நான் எதற்காக மூன்று வருஷம் பயந்து செத்தேனோ, அது அவள் காதில் ஈ பறந்த மாதிரிகூட விழவில்லை.

"படிக்கத்தான் போனியா?"

"ஆமாம்மா."

"பூ வெச்சிகினு?"

"ஹோட்டல்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். அந்த ஒரு நாள்தான் நான் என் இஷ்டத்துக்குப் போக முடியும்."

"யாரும் இல்லியா?"

"இல்லம்மா. யாரும் இல்ல."

இந்த வார்த்தையை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்ன பிறகுதான் அது எத்தனை உண்மை என்று எனக்கே தெரிந்தது. பரீட்சை ஹாலில் அத்தனை பேர் முன்னால் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது.

அம்மா முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலை குனிந்துதான் இருந்தாள். அவள் தலை குனியக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் செய்தேன், குனிந்தது வேறு எதற்காகவோ. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இருவருக்கும் லேசாகியிருக்கும். அவள் கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷமாக ஒரு மருமகனை மனசுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டவளுக்கு, அவனை எழுப்பி அனுப்பக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. நானும் ஒரு பிடி அள்ளி உரிக்க ஆரம்பித்தேன்.

கடலை பாதி தீர்ந்த பிறகு கேட்டாள்.

"இது எத்தினி வருசம்?"

"ரெண்டு."

"சரி, படி."

இன்னும் கொஞ்சம் உரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் காலேஜில பாடம் நடத்தறவங்கல்லாம் கல்யாணம் ஆனவங்களா?"

வேறு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

"தெரியலம்மா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.